ஆற்றங்கரை மின்மினியும் அதைக் காண வருவோரும்



கோல சிலாங்கூர் என்றதும் நம் நினைவுக்கு வருவது மலாவத்தி குன்றுதான். 1784-இல் டச்சுக்காரர்கள் அக்கோட்டையைப் பிடித்தார்கள். மறு ஆண்டே சுல்தான் இப்ராஹிம் அதை மீட்டார். அது மன்னர்களின் வரலாறு. நான் சொல்ல வந்ததோ, சிலாங்கூர் ஆற்றங்கரையிலுள்ள கம்போங் குவாந்தான் மின்மினிகளின் வரலாறு.

மின்மினி அங்கே நேற்று வந்ததல்ல. கிராமத்தார்க்கு அது பழகிய காட்சி. "பூச்சியைப் பார்க்க யாராவது காசு கொடுப்பாங்களா?" என்று அன்று சிரித்திருப்போம். பின்னர் கொடுத்தார்கள்! கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்கா 1987-இல் அமைந்தது. 1990 மலேசியாவுக்கு வருகை தரும் ஆண்டு. சம்பானில் துடுப்புப் போட்டு விருந்தினரை அழைத்துச் செல்வது கிராமத்தார்க்குப் பிழைப்பானது. 2011-இல் லாத்தார் நெடுஞ்சாலை திறக்கப்பட்டதும் கோலாலம்பூர்க்காரர்க்குத் தூரம் குறைந்தது. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததும் படகுகள் கரையிலேயே கிடந்தன.

சாலை இருந்தால் மட்டும் கூட்டம் வந்துவிடுமா? வராது. அதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு முறை மாணவர்களை அழைத்துச் சென்றேன். பஞ்சாங்கம் பார்க்க மறந்துவிட்டேன், அன்று பௌர்ணமி! நிலா வெளிச்சத்தில் மின்மினி மங்கிப் போயிற்று. "இவ்வளவுதானா சார்?" என்று ஒரு பையன் கேட்டான். எனக்கு வெட்கமாகிவிட்டது. அடுத்த முறை அமாவாசையை ஒட்டிப் போனோம். மழையும் இல்லை. மரம் முழுவதும் ஒரே தாளத்தில், நொடிக்கு ஏறத்தாழ மூன்று முறை மின்னியது. அதே பையன் வாயே திறக்கவில்லை!

சாலை, விடுமுறை, நிலா, மழை எல்லாம் வருவோர் தொகையைக் கூட்டும், குறைக்கும். ஆனால் அடிப்படை ஒன்றுதான்: பூச்சி இருக்க வேண்டும். வளர்ந்த மின்மினி கூடுவது பெரெம்பாங் மரத்தில். அதன் புழு வாழ்வதோ கரையோர நிப்பா, ரும்பியா அடியிலுள்ள ஈர மண்ணில். சிறு நத்தைகளைத் தின்று வளரும். செம்பனைக்காகவோ இறால் குளத்துக்காகவோ கரையை அழித்தால் இரண்டு வீடும் ஒன்றாகப் போய்விடும். கோலகுபு பாருவுக்கு மேலே ஆற்றில் அணை கட்டியபோதும், நன்னீர் குறைந்து உப்புநீர் ஏறினால் பெரெம்பாங் பட்டுப்போகுமே என்ற கவலை எழுந்தது. மேலே நடப்பது கீழே தெரியும்!

பெற்றோர்களே, வெளிநாட்டார் விமானம் ஏறி வந்து காண்பதை, பக்கத்திலிருக்கும் கலும்பாங் பிள்ளைகளில் பலர் இன்னும் கண்டதில்லை. இவ்விடுமுறையில் அழைத்துச் செல்லுங்கள். மாணவர்களே, அங்கே கிளையை ஒடிக்காதீர்கள், டார்ச் அடிக்காதீர்கள், பூச்சியைப் புட்டியில் அடைக்காதீர்கள். பார்க்க வருபவனே அழிப்பவனாகிவிட்டால், உங்கள் பிள்ளைகளுக்கு மின்மினி பாடப்புத்தகத்துப் படமாகத்தான் மிஞ்சும்.

கரையைக் காப்போம், அடுத்த தலைமுறைக்கும் அந்த ஒளியைக் காட்டுவோம்.