கண்ணிக் கணக்கும் கைக் கணக்கும்

மார்கழி இரவுகளில் கண்டியிலும் குளிர் உண்டு. மலைமேல் ஏற ஏறக் கம்பளிச் சட்டையின் அருமை கூடும். அதைத் தம் கையாலேயே பின்ன விழைந்து, அச்சிட்ட குறிப்பொன்றை முதன்முதலாக விரிப்போர் திகைத்துப் போவதுண்டு. ‘நான்காம் வரிசைதோறும் இரு ஓரங்களிலும் ஒவ்வொரு கண்ணி குறைக்க, ஆறு முறை’ என்றிருக்கும். மந்திரம் போலத் தோன்றினும் இது எளிய கழித்தலே. நூறு கண்ணிகள் இருபத்துநான்கு வரிசைகளில் எண்பத்தெட்டாகின்றன. துணி இடையை நோக்கி ஒடுங்குகிறது. கத்தரிக்கோலுக்கு இங்கே வேலையில்லை.

இத்தகைய குறிப்புகள் ஏட்டுக்கு வந்தது பிந்தியே. காலுறை பின்னும் முறையை ஆங்கிலத்தில் அச்சிட்டவற்றுள் முந்தியதாக அறியப்படுவது 1655 இல் இலண்டனில் வெளிவந்தது. எடின்பரோவில் ஜேன் கோகெய்ன் அம்மையார் 1840 இல் வெளியிட்ட நூல் தனக்கென வகுத்த சுருக்கக் குறிகளைக் கையாண்டது. எனினும், எழுத்தில் அடங்காத ஒன்று நின்றுவிட்டது. அதுதான் கையின் இறுக்கம். பத்து சென்ரிமீற்றருக்கு இருபத்திரண்டு கண்ணி என்று குறிப்பு சொல்ல, நம் கை இருபதே கொடுத்தால், நூறு சென்ரிமீற்றர் சுற்றளவுக்கென்று கூறிய 220 கண்ணிகள் நூற்றுப்பத்தாக விரியும். எனவேதான் முதலில் சிறு சதுரமொன்றைப் பின்னி அளந்து பார்க்கச் சொல்கிறார்கள். புதியவர் பலர் பொறுமையின்றிக் கடந்துவிடுவது இந்த ஒரு வரியைத்தான்!

தறியின் வழி வேறு. அது தருவது நாற்கோணத் துணியையே. கண்டிப் பெண்டிரின் ஒசரியவுக்கு வடிவம் தருவது வெட்டன்று, உடுத்தும் கையே. கண்டிக்கு அருகே தும்பறைப் பள்ளத்தாக்கில், கலாசிறிகம, ஆலோககம ஆகிய ஊர்களில், ‘ஹண’ என்னும் செடியின் நாரைக் கொண்டு சித்திரப் பாய் நெய்கிறார்கள். பதிமுகக் கட்டையின் சிவப்பும் மரமஞ்சளின் மஞ்சளும் அவற்றின் பழைய சாயங்கள். யானையும் மானும் பறவையும் இழைகளிடையே எழுகின்றன. எந்த இழையைத் தூக்குவது, எதைத் தாழ்த்துவது என்ற கணக்கு, ஏட்டைப் பாராமல் மூத்தோரின் கையிலிருந்து இளையோரின் கைக்குச் சென்றது. பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போய்விட்டால் அக்கணக்கு எங்கே போகும்?

இவ்வினா நூறாண்டுகளுக்கு முன்பே ஒருவரை வருத்தியது. சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தர் ஆனந்த குமாரசுவாமி, 1903 முதல் இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பணியில் இருந்தபோது, கண்டி நாட்டின் கைத்தொழில்களைத் தம் மனைவி எதெல் அம்மையாருடன் ஆராய்ந்தார். 1908 இல் வெளிவந்த ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்ற ஆங்கில நூலில் அம்மையார் எடுத்த புகைப்படங்கள் பல உள்ளன. கண்டிப் பூத்தையலும் அவர் கருத்தைக் கவர்ந்தது. வெற்றிலைப் பைகளில் சிவப்பும் நீலமுமாய் ஓடும் சங்கிலித் தையலை இன்றும் அருங்காட்சியகங்களில் காணலாம். பிற்காலத்தில் எதெல் மெயரெற் என்ற பெயரில் இங்கிலாந்தின் டிச்லிங் ஊரில் நெசவுக்கூடம் அமைத்தார். செடிச் சாயங்களைக் காய்ச்சும் முறைகளைச் சமையற் குறிப்புப் போலவே எழுதி 1916 இல் நூலாக்கினார். கைத்தொழிலின் நுட்பத்தை எழுத்தில் ஏற்றும் முயற்சியில் இதனை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

தும்பறைப் பாய் நெசவை 2021 இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பெயர் ஏட்டில் ஏறிவிட்டது. யானையின் துதிக்கை வளையுமிடத்தில் எத்தனை இழை தூக்க வேண்டும் என்பதை அறிய, இன்றும் தறியின் அருகே சென்று அமரத்தான் வேண்டும்.