இன்டர்போல் மேல கேஸ் போட முடியுமா?

போன வாரம் ரெட் நோட்டீஸ் பத்திப் பேசினோம் இல்லையா, அதுல விட்டுப்போன ஒரு கேள்வி: ஒரு அரசு பொய்யா ஒரு நோட்டீஸ் போடுது, அதால ஒருத்தர் வாழ்க்கையே பாழாகுது. அவர் இன்டர்போல் மேலயே வழக்குப் போட முடியுமா? அமெரிக்காவுல, கிட்டத்தட்ட முடியாது. ஏன் முடியாதுங்கறதுக்குப் பின்னாடி ஒரு நீண்ட வரலாறு இருக்கு. சட்ட விலக்குரிமை, அதாவது இம்யூனிட்டி, பத்தின என்னோட நிலைப்பாட்டை நகர்த்தினதும் அந்த வரலாறுதான்.

முதல்ல சினிமாவை மறந்துடுங்க. துப்பாக்கியோட வந்து கைது பண்ற இன்டர்போல் ஆபீசர்னு யாரும் கிடையாது. யாரையும் கைது செய்யற அதிகாரமே அந்த அமைப்புக்கு இல்லை. பிரான்ஸ்ல லியோன் நகரத்துல தலைமையகம், 196 உறுப்பு நாடுகள், அந்த நாட்டு போலீஸ்களுக்கு நடுவுல தகவல் பரிமாற்றம், அவ்வளவுதான். இந்தியாவுல அந்த வேலையை சிபிஐ பார்க்குது. எங்க ஐடி பாஷையில சொன்னா அது ஒரு ஷேர்டு டேட்டாபேஸ். உள்ளே எழுத 196 நாடுகளுக்கு அக்செஸ். பிரச்சினையே அங்கதான்.

1983 ஜூன் மாசம் அதிபர் ரீகன் ஒரு நிர்வாக ஆணை போட்டார். 1945ல வந்த சர்வதேச அமைப்புகள் விலக்குரிமைச் சட்டத்துக்குக் கீழ இன்டர்போலைக் கொண்டுவந்தார். ஆனா சில சலுகைகளைக் கொடுக்காம நிறுத்தி வச்சார். அதுல முக்கியமானது, ஆவணங்களையும் சொத்துகளையும் யாரும் சோதனை போடவோ பறிமுதல் செய்யவோ கூடாதுங்கற பாதுகாப்பு. மத்தது பெரும்பாலும் வரி, சுங்கம் சம்பந்தப்பட்டது. 2004ல நியூயார்க்ல ஐ.நா.வுக்கான இன்டர்போல் அலுவலகம் வந்தது. 2009 டிசம்பர் 16ல ஒபாமா மிச்சமிருந்த விதிவிலக்குகளையும் எடுத்துட்டார்.

உடனே அமெரிக்க வலதுசாரி ஊடகங்கள்ல ஒரே களேபரம். வெளிநாட்டு போலீஸ் அமெரிக்க மண்ணுல அரசியல் சட்டத்துக்கு மேல நிக்கப்போகுதுன்னு பேச்சு. கவனிங்க, இன்டர்போல் மேல வழக்குப் போடுறதைத் தடுக்கற பாதுகாப்பு 1983லயே, ரீகன் கையெழுத்துலயே வந்துடுச்சு. அப்போ இவ்வளவு சத்தம் இல்லை. கையெழுத்து யாரோடதுங்கறதை வச்சே கொள்கை மாறுது. இது அவங்க ஊர் வியாதி மட்டும் இல்லைன்னு உங்களுக்கே தெரியும்.

நான் இன்ஜினியரிங் படிச்சப்போ டிபேட் டீம்ல இருந்தேன். தலைப்பு எதுவா இருந்தாலும் என் வாதம் ஒண்ணுதான்: அதிகாரத்துல இருக்கறவனுக்கு விலக்கே கூடாது. அதுல ஒரு கம்பீரம் இருந்தது, கைதட்டும் கிடைக்கும். அந்த வாதத்தை எனக்குள்ள கொஞ்சம் அசைச்சது வியன்னாவுல நடந்த ஒரு சம்பவம்.

இன்டர்போலோட முன்னோடி அமைப்பு 1923ல வியன்னாவுலதான் ஆரம்பிச்சது. 1938ல ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கினதும் அந்த அமைப்பு நாஜிகள் கைக்குப் போச்சு. 1940ல தலைவரானவர் ரைன்ஹார்ட் ஹைட்ரிச். யூத இன அழிப்பைத் திட்டமிட்டவர்கள்ல முன்வரிசை ஆள். 1942ல அலுவலகமே பெர்லினுக்கு மாறிடுச்சு. பல நாட்டு போலீஸ் நம்பிக் கொடுத்த தகவல் கிடங்கு, அலுவலகம் இருந்த ஊரைப் பிடிச்ச அரசாங்கத்தோட கைக்குப் போயிடுச்சு. அப்போ அந்தக் கோப்புகளுக்கு ஒரு வேலி வேணும்தானே? தலைமையகம் இருக்கற நாடு நினைச்சா உள்ளே புகுந்து அள்ளக்கூடாதுன்னு ஒரு விதி வேணும்தானே? இம்யூனிட்டிங்கற சொல் எனக்கு அதுவரைக்கும் அதிகாரிகளைக் காப்பாத்தற குடையாத்தான் தெரிஞ்சது. இந்தக் கோணத்துல யோசிச்சது இல்லை.

1956ல இப்போதைய பேரும் சாசனமும் வந்தது. அரசியல், ராணுவம், மதம், இனம் சார்ந்த விஷயங்கள்ல தலையிடக் கூடாதுன்னு அதோட 3வது பிரிவு சொல்லுது. பேப்பர்ல அழகா இருக்கு. நடைமுறைக்கு 2018 நவம்பரைப் பாருங்க. ஹக்கீம் அல் அரைபி, பஹ்ரைன் கால்பந்து வீரர். ஆஸ்திரேலியா அவரை அகதியா ஏத்துக்கிட்டது. ஹனிமூனுக்கு பாங்காக் வந்து இறங்கினவரை விமான நிலையத்துலயே பிடிச்சுட்டாங்க. காரணம், எந்த நாட்டுல இருந்து தப்பிச்சு ஓடினாரோ அதே பஹ்ரைன் கேட்ட ரெட் நோட்டீஸ். அகதி மேல, அவர் தப்பி வந்த நாடு கேட்டு நோட்டீஸ் போடக் கூடாதுங்கறது இன்டர்போலோட சொந்த விதி. சில நாள்லயே நோட்டீஸை வாபஸ் வாங்கிட்டாங்க. ஆனா அவர் வெளிய வந்தது 2019 பிப்ரவரியில. டேட்டாபேஸ்ல டெலீட் பண்ணிட்டா ஜெயில் கதவு தானாத் திறக்காது.

இங்கதான் என் நிலைப்பாடு இன்னொரு தடவை நகர்ந்தது. அரசாங்கங்கள்கிட்ட இருந்து கோப்புகளைக் காக்கற அதே வேலி, அந்தக் கோப்புல பேர் இருக்கற ஆளையும் வெளியவே நிறுத்துது. விலக்கு வேணுமா வேண்டாமான்னு ரெண்டு பக்கமாப் பிரிஞ்சு கத்துற விவாதத்துல இந்த ஆள் காணாமலே போயிடறார். வெளிக் கோர்ட் கதவை மூடினா, உள்ளே இருக்கற கதவு எப்படி இருக்குன்னுதான் நான் இப்போ கேட்கறேன்.

உள்ளே ஒரு கதவு இருக்கு. 1970கள் கடைசியில பிரான்ஸ் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. இன்டர்போல் கோப்புகளுக்கும் அது பொருந்துமான்னு தகராறு. 1982ல சமரசம்: பிரான்ஸ் உள்ளே வராது, பதிலுக்கு இன்டர்போல் தனக்குள்ளயே ஒரு கண்காணிப்புக் குழு வைக்கும். அது வளர்ந்து இன்னைக்குக் கோப்புக் கட்டுப்பாட்டு ஆணையமா இருக்கு. 2017ல வந்த விதிப்படி, ஒரு பதிவை நீக்கச் சொல்லிக் கேட்டா ஒன்பது மாசத்துல முடிவு சொல்லணும். ஒன்பது மாசம்! பேங்க் கணக்கு முடங்கி, விமானம் ஏறப் பயந்து உட்கார்ந்திருக்கற ஆளுக்கு அது எவ்வளவு நீளம்னு யோசிச்சுப் பாருங்க. முடிவு பிடிக்கலைன்னா மேல்முறையீடும் கிடையாது. புது ஆதாரம் வந்தா மட்டும் மறுபரிசீலனை.

வெளிக் கதவை ஒரு தடவை கொஞ்சம் திறக்க வச்சது நம்ம நாட்டு ஆட்கள். குஜராத் முந்த்ராவுல அனல் மின் நிலையத்தால மீன்பிடிப்பு போச்சுன்னு உள்ளூர் மீனவர்கள் உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த ஐஎஃப்சி மேல வாஷிங்டன்ல வழக்குப் போட்டாங்க. அதே 1945 சட்டம்தான் குறுக்க நின்னது. 2019ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-1 கணக்குல சொன்னது: சர்வதேச அமைப்புகளுக்கு முழு விலக்கு கிடையாது, இன்னைக்கு வெளிநாட்டு அரசுகளுக்கு இருக்கற அளவுதான். வணிக நடவடிக்கைன்னா வழக்கு வரலாம். மீனவர்களுக்கு அதுக்கப்புறம் கீழ் நீதிமன்றங்கள்ல தோல்விதான். வழக்கோட மையம் இந்தியாவுல நடந்தது, அமெரிக்காவுல இல்லைன்னு சொல்லிட்டாங்க.

ஒரு அமெரிக்கர் இன்டர்போல் மேல நியூயார்க்ல வழக்குப் போட்டார். ஐக்கிய அரபு அமீரகம் கேட்டுப் போட்ட தன் ரெட் நோட்டீஸை நீக்க மறுத்துட்டாங்கங்கறது அவர் புகார். இன்டர்போல் வியாபாரம் பண்ற அமைப்பு இல்லையே. 2022 மே மாசம் மேல்முறையீட்டு நீதிமன்றம் விலக்குரிமை செல்லும்னு சொல்லி வழக்கைத் தள்ளுபடி செஞ்சது உறுதியாச்சு. அவர் அந்த நோட்டீஸை எதிர்த்து வாதாட மிச்சமிருந்த இடம், லியோன்ல இருக்கற அதே ஆணையம்தான்.