சீட்டைத் தோற்கடித்த புகைப்படம்

விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில் இராசேந்திர சோழன் காலத்தில் வேதக் கல்லூரி ஒன்று இருந்தது. அங்கிருந்து எட்டிவிடும் தூரத்தில் எசாலம். 1987-ல் அவ்வூர்ச் சிவன் கோயிலில் திருப்பணிக்காகத் தோண்டியபோது, இராசேந்திரனின் முத்திரை பொறித்த வளையத்தில் கோத்த 15 செப்பேடுகள் கிடைத்தன. கூடவே செப்புத் திருமேனிகளும் பூசைச் சாமான்களும் வந்தன. தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி அவற்றை ஆராய்ந்து பிரெஞ்சு ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டார். இராசேந்திரனின் குரு சர்வசிவ பண்டிதரைப் பற்றி அந்த ஏடுகளும் பேசுகின்றன.

அதற்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன், 1976-ல், திருவாரூர்ப் பக்கம் பத்தூரிலும் மண்ணுக்குள்ளிருந்து ஒரு நடராசர் வந்தார். கண்டெடுத்தவர் ஒரு கூலித் தொழிலாளி. அவர் கையிலிருந்து தரகருக்கும், தரகரிடமிருந்து இன்னொரு தரகருக்கும் போன சிலை, கடைசியில் லண்டன் கலைப்பொருள் வியாபாரி ஒருவரிடம் போய்ச் சேர்ந்தது. 1982-ல் கனடாவின் பம்பர் என்ற எண்ணெய் நிறுவனம் அதை வாங்கியது. பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில் ஸ்காட்லாந்து யார்டு போலீஸ் அதைக் கைப்பற்றியது. பிறகு லண்டன் நீதிமன்றத்தில் நடந்த வழக்கில் பத்தூர்க் கோயிலே ஒரு வாதியாக நின்றது. சிலையில் ஒட்டியிருந்த மண்ணும் கறையான் தடமும் சாட்சியாயின. நம் தரப்பில் நிபுணராகச் சாட்சி சொன்னவரும் இதே நாகசாமிதான். 1991-ல் நடராசர் ஊர் திரும்பினார்.

எசாலமும் பத்தூரும் ஒரே மாதிரிக் கண்டுபிடிப்புகள். முதலாவது வரலாறாயிற்று, இரண்டாவது சரக்காயிற்று. 1878-ம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைத்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட எதையும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். பத்தூரில் அந்தத் தகவல் கலெக்டருக்குப் போவதற்குள் தரகர் வந்துவிட்டார்.

தரகருக்கு மேலே இருக்கிற உலகம் வேறு. நியூயார்க்கின் மேடிசன் அவென்யூவிலும் லண்டனிலும் தொன்மைக் கலை, பழங்குடிக் கலை என்று பிரித்துவைத்து விற்கும் கேலரிகள் உண்டு. சோழர் செம்பும் ஆப்பிரிக்க முகமூடியும் நம் பழைய தேர்களிலிருந்து பெயர்த்த மரச் சிற்பங்களும் அங்கே விலைபோகின்றன. வழவழப்பான பட்டியல் நூல் அச்சிடுவார்கள், அறிஞர்களை அழைத்து உரையாற்றச் செய்வார்கள், அருங்காட்சியகங்களுக்குச் சில பொருட்களை நன்கொடையாகவும் கொடுப்பார்கள். நேர்மையாக இந்தத் தொழில் செய்பவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் கேலரியில் விளக்கொளி படும் சிலையை விட அதற்குக் கீழே இழுப்பறையில் இருக்கும் காகிதமே முக்கியம். இந்தப் பொருள் யாரிடமிருந்து யாருக்கு, எந்த ஆண்டில் கைமாறியது என்று சொல்லும் சீட்டு அது.

ஆண்டு ஏன் முக்கியம்? கலைப்பொருள் கடத்தலுக்கு எதிரான யுனெஸ்கோ உடன்படிக்கை 1970-ல் வந்தது. நம் தொல்பொருள் சட்டம் 1972-ல் இயற்றப்பட்டு 1976 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நூறாண்டு கடந்த சிற்பங்களை உரிமம் பெற்ற வியாபாரி உள்நாட்டில் விற்கலாம், வெளிநாட்டுக்கு மட்டும் அனுப்ப முடியாது. அதனால் எந்தத் திருட்டுச் சிலைக்கும் ‘1970-லேயே இந்தியாவை விட்டுப் போனது’ என்று ஒரு சீட்டு தேவைப்படுகிறது.

சுபாஷ் கபூர் நடத்திய ‘ஆர்ட் ஆஃப் தி பாஸ்ட்’ கேலரியிலிருந்து 2004-ல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் ஒரு கல் அர்த்தநாரீசுவரரை வாங்கியது. உடன் வந்த ரசீது, 1970-ல் டெல்லியில் ஒரு செம்பு பித்தளைக் கடையில் விற்ற பொருள் என்றது. ஆனால் 1974-ல் அந்த அர்த்தநாரீசுவரர் விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயில் மாடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அதைக் காட்டும் கறுப்பு வெள்ளைப் படம் புதுச்சேரியில் இருந்தது. கான்பெராவின் தேசியக் கலைக்கூடம் 2008-ல் 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கிய ஸ்ரீபுரந்தான் நடராசர் கதையும் இதுவே. 1970 வாக்கில் டெல்லியில் இருந்த ஒரு தூதரக அதிகாரியின் குடும்பச் சொத்து என்றது காகிதம். 1994-ல் நடராசர் கோயிலில்தான் இருந்தார் என்றது படம். 2014 செப்டம்பர் 5 அன்று ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபட் இரண்டு சிலைகளையும் டெல்லியில் நம் பிரதமரிடம் ஒப்படைத்தார். 2011-ல் ஜெர்மனியில் கைதாகி 2012-ல் தமிழகம் கொண்டுவரப்பட்ட கபூருக்கு, வேறொரு கோயில் திருட்டு வழக்கில் 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது.

இந்தப் படங்களை எடுத்தது புதுச்சேரி செயின்ட் லூயி வீதியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். விழுப்புரத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான். 1955-ல் தொடங்கிய நிறுவனம், மறு ஆண்டிலிருந்து தமிழகக் கோயில்களுக்குக் கேமராவோடு ஆள் அனுப்பத் தொடங்கியது. ஊர்ப்பெயரையும் ஆண்டையும் பதிந்து அடுக்கிவைத்தார்கள். இன்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் அங்கே உண்டு. சிற்பக்கலை ஆய்வுக்காகச் செய்த வேலை இது. ஐம்பது ஆண்டு கழித்து இதுவே போலீஸ் சாட்சியமாகும் என்று அன்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். அந்தப் புகைப்படக்காரர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரியது.

நமக்கு மிக நெருங்கிய சான்று வீரசோழபுரம். இன்று கள்ளக்குறிச்சி மாவட்டம், 2019 வரை நம் விழுப்புரம் மாவட்டம். அவ்வூர்ச் சிவன் கோயிலில் பரவை நாச்சியாரோடு நிற்கும் சுந்தரர் செப்புத் திருமேனி ஒன்று இருந்தது. பதினாறாம் நூற்றாண்டு வேலை. 1956-ல் அதைப் படமெடுத்திருக்கிறார்கள். பிறகு அது வாஷிங்டனில், ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் ஆசியக் கலை அருங்காட்சியகத்தில், ஒரு பெருஞ்செல்வர் 1987-ல் கொடுத்த நன்கொடைத் தொகுப்புக்குள் இருந்தது. இதையும் இன்னும் இரண்டு செப்புத் திருமேனிகளையும் இந்தியாவுக்குத் திருப்பித் தருவதாக 2026 ஜனவரியில் அந்த அருங்காட்சியகம் அறிவித்தது. சுந்தரர் பிறந்தது இதே வட்டாரத்துத் திருநாவலூரில். சொந்த மண்ணின் நாயனார் சொந்த மண்ணிலிருந்து போனதற்குச் சாட்சியாக நின்றது அந்தப் படம். புதுச்சேரியில் இருந்ததால் பிழைத்தோம்.

இனி நம் விழுப்புரம் மாவட்டத்தில் காணையைச் சுற்றிப் பார்ப்போம். திருவாமாத்தூர் பாடல் பெற்ற தலம், அங்கே பதிவேடு இருக்கும், பூட்டும் காவலும் இருக்கும். என் கவலை அப்படிப்பட்ட கோயில்களைப் பற்றியது இல்லை. ஏரிக்கரையிலும் வேப்பமரத்தடியிலும் வயல் வரப்பிலும் பல்லவர் காலத்து மூத்ததேவியும் கொற்றவையும் நவகண்ட வீரர்களும் கிடக்கும் மாவட்டம் இது. பலகைக்கல்லில் செதுக்கிய இவற்றில் பலவற்றை மக்கள் வேறு பெயர் வைத்துக் கும்பிடுகிறார்கள், சில பாதி புதைந்திருக்கின்றன. ஓட்டமில்லாத பழைய தேர்களின் மரப்பலகைகளும் அப்படியே. ஊர்க்காரர் கண்ணில் அது பழைய கல், உளுத்த கட்டை. கேலரிப் பட்டியலில் அது எட்டாம் நூற்றாண்டுச் சிற்பம், தென்னிந்திய மரக்கலை. இரண்டு மதிப்பீடுகளுக்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான் தரகரின் லாபம்.

சிலை திருட்டுத் தடுப்புப் பிரிவு 1983 முதல் இருக்கிறது. ஆனால் ஒரு சிலை காணாமல் போனது என்று புகார் எழுத, அது அங்கே இருந்தது என்று முதலில் காட்ட வேண்டும். தங்கள் ஊரில் அப்படி ஒரு கல் இருந்தால், கையிலுள்ள செல்போனால் முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு, உடைந்த மூக்கு, விரிசல் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலை நிறுத்துங்கள். ஊர், இடம், தேதி எழுதுங்கள். ஒரு பிரதியைத் தொல்லியல் துறைக்கும் இன்னொன்றை ஊராட்சி அலுவலகத்துக்கும் கொடுங்கள். காணை ஒன்றியத்துப் பள்ளிகளின் தமிழ், வரலாற்று ஆசிரியர்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இந்த வேலையைத் தொடங்க வேண்டும் என்று கைகூப்பிக் கேட்கிறேன்.