சின்னப் போத்தலின் வரலாறும் நம் வீட்டு மோரும்



சூப்பர் மார்க்கெட்டில் பால் பொருட்கள் இருக்கும் பக்கம் போனால் அந்தச் சின்னப் போத்தல்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரே மடக்கில் குடித்து முடித்துவிடலாம். உள்ளே கோடிக்கணக்கான "நல்ல" பாக்டீரியாக்கள் இருக்கின்றன என்பார்கள். இன்று அந்தப் போத்தலின் கதையைச் சொல்கிறேன். கடைசியில் ஒரு செய்முறையும் உண்டு. நான் மருத்துவன் இல்லை, கணினித் துறையில் வேலை செய்கிறவன். அதனால் கொஞ்சம் கணக்கும் வரும்.

ஒரு மாணவனும் ஒரு விஞ்ஞானியும்

1905ஆம் ஆண்டு. ஸ்டாமென் கிரிகோரொவ் என்ற பல்கேரிய மாணவர் சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தார். தன் நாட்டுத் தயிரை நுண்நோக்கியில் வைத்துப் பார்த்தார். பாலைத் தயிராக்கும் ஒரு பாக்டீரியாவை அதில் கண்டுபிடித்தார். அதற்குப் பின்னாளில் அவருடைய நாட்டின் பெயரே வந்தது: லாக்டோபசில்லஸ் பல்கேரிக்கஸ்.

பாரிஸில் உள்ள பாஸ்டர் நிறுவனத்தில் இலியா மெச்னிகொவ் என்ற விஞ்ஞானி வேலை செய்தார். இன்றைய உக்ரைனில் பிறந்தவர். நோய் எதிர்ப்பு பற்றிய ஆய்வுக்காக 1908இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். பெருங்குடலில் உணவு அழுகுவதால்தான் உடல் சீக்கிரம் முதுமை அடைகிறது என்று அவர் நம்பினார். பல்கேரியக் கிராமத்தவர்கள் நீண்ட காலம் வாழ்வதற்குப் புளித்த பாலே காரணம் என்று எழுதினார். தானும் தினமும் குடித்தார். ஐரோப்பா முழுவதும் தயிர் மோகம் பரவியது.

மெச்னிகொவ் 71 வயதில் 1916இல் இறந்தார். பல்கேரியத் தயிர் பாக்டீரியா மனிதக் குடலில் தங்கி வாழ்வதில்லை என்று பிறகு வந்த ஆய்வுகள் காட்டின. அவர் சொன்ன விளக்கம் நிற்கவில்லை. ஆனால் அவர் எழுப்பிய கேள்வி நின்றது.

மருந்துக் கடையிலிருந்து வீட்டு வாசலுக்கு

1919இல் ஐசக் கராஸோ என்பவர் பார்சிலோனாவில் தயிர் தயாரிக்கத் தொடங்கினார். பால்கன் பகுதியிலுள்ள சலோனிக்காவிலிருந்து குடிபெயர்ந்து வந்தவர். அங்கே தயிர் அன்றாட உணவு. ஆனால் பார்சிலோனாவில் அவருடைய தயிர் மருந்துக் கடைகளில்தான் விற்றது! மகன் டானியலின் செல்லப் பெயரை வைத்துத் தன் தயிருக்கு "டனோன்" என்று பெயரிட்டார். ஒரு குடியேறியின் வீட்டுச் சாப்பாடு உலக நிறுவனமாக மாறிய கதை இது.

அதே காலத்தில் ஜப்பானில் பல குழந்தைகள் தொற்றுநோய்களால் இறந்துகொண்டிருந்தார்கள். மினோரு ஷிரோட்டா என்ற மருத்துவர், வயிற்று அமிலத்தைத் தாண்டி உயிரோடு குடலை அடையக்கூடிய பாக்டீரியாவைத் தேடினார். 1930இல் அப்படி ஒரு வகையை வளர்த்தெடுத்தார். 1935இல் யாகுல்ட் விற்பனைக்கு வந்தது. எஸ்பெராண்டோ மொழியில் தயிரைக் குறிக்கும் சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்தது. எல்லோராலும் வாங்கக்கூடிய விலையில் கொடுக்க வேண்டும் என்பது ஷிரோட்டாவின் கொள்கை. 1963 முதல் பெண்கள் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

விளம்பரங்கள் வளர்ந்த வேகத்தில் ஆதாரங்கள் வளரவில்லை. அமெரிக்காவில் 2010இல் டனோனின் கிளை நிறுவனம், மிகைப்படுத்திய விளம்பரங்களைப் பற்றிய வழக்கை முடித்துக்கொள்ள 39 மாநிலங்களுக்கு 2 கோடியே 10 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. பல ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் "புரோபயாடிக்" என்ற சொல்லையே உணவு லேபிளில் போட முடியாது. அந்தச் சொல்லே நிரூபிக்கப்படாத ஓர் ஆரோக்கிய வாக்குறுதி என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் 2012இல் ஐரோப்பிய ஒன்றியம் வெளியிட்ட அனுமதிப் பட்டியலில் சாதாரணத் தயிருக்கு ஓர் இடம் உண்டு. பால் சர்க்கரை செரிக்காதவர்களுக்கு, தயிரில் உள்ள உயிருள்ள பாக்டீரியாக்கள் அதைச் செரிக்க உதவும் என்று எழுதலாம். நிபந்தனை, ஒரு கிராமில் குறைந்தது 10 கோடி பாக்டீரியாக்கள் இருக்க வேண்டும். அந்த அளவை எட்டும் தயிர் 200 கிராம் சாப்பிட்டால் 2000 கோடி. ஐரோப்பாவில் விற்கும் 65 மில்லி யாகுல்ட் போத்தலில் சொல்லப்படும் எண்ணிக்கையும் அதுதான்! இரண்டிலும் இருப்பவை வேறு வேறு வகைகள், வேலையும் ஒன்றல்ல. ஆனால் எண்ணிக்கையைப் பார்த்து மட்டும் மயங்க வேண்டாம்.

நம் பக்கம்

சங்க இலக்கியத்தின் பெரும்பாணாற்றுப்படையில் ஓர் ஆய்மகள் வருகிறாள். விடியற்காலையில் தயிர் கடைந்து, மோர்ப் பானையைத் தலையில் வைத்துப் போய், மோருக்குத் தானியம் வாங்கி வந்து குடும்பத்தைக் காப்பாற்றுகிறாள். குறுந்தொகையின் 167ஆம் பாடலில் புதிதாக மணமான பெண் கையால் தயிர் பிசைந்து சமைக்கிறாள். "நம் முன்னோருக்கு அப்போதே புரோபயாடிக் தெரியும்" என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள். பாக்டீரியா என்ற ஒன்று இருப்பது அவர்களுக்குத் தெரியாது. நேற்றைய தயிரில் கொஞ்சம் எடுத்து வைத்தால் இன்றைய பாலும் தயிராகும் என்பது தெரியும். அதுவே பெரிய அறிவு.

அந்த அறிவு தொலைவதற்கு ஒரு தலைமுறை போதும். ஜேர்மனிக்கு வந்த புதிதில் என் அம்மா வீட்டில்தான் உறை ஊற்றினார். பிறகு விளம்பரங்களைப் பார்த்து, துப்புரவு வேலையில் கிடைத்த சம்பளத்தில் எனக்கும் தம்பிக்கும் ஒவ்வொரு வாரமும் சின்னப் போத்தல்கள் வாங்கினார். வீட்டுத் தயிர் "ஊர்ச் சாப்பாடு" ஆகிவிட்டது. போத்தல் "சத்து" ஆகிவிட்டது. அந்தக் காசு அவருக்கு எவ்வளவு பெரியது என்று இப்போது எனக்குத் தெரியும்.

நீங்களே செய்து பாருங்கள்

1. ஒரு லிட்டர் பாலைக் கொதிக்க வைத்து ஆறவிடுங்கள். சுமார் 43 பாகை வேண்டும். சுத்தமான விரலை வைத்தால் இளஞ்சூடாக இருக்க வேண்டும், சுடக் கூடாது.
2. உயிருள்ள பாக்டீரியா இருக்கும், சர்க்கரை சேர்க்காத தயிர் இரண்டு மேசைக்கரண்டி கலக்குங்கள். இதுதான் உறை.
3. மூடி, தடித்த துவாயால் சுற்றி, விளக்கு மட்டும் எரியும் அவனுக்குள் 6 முதல் 8 மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். பிறகு ஃபிரிட்ஜில் வையுங்கள்.
4. ஒரு பங்கு தயிருக்கு இரண்டு பங்கு தண்ணீர் விட்டு அடியுங்கள். உப்பு, இஞ்சி, கறிவேப்பிலை, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் சேர்த்தால் மோர் தயார். சூடாக்காதீர்கள், சூட்டில் பாக்டீரியா செத்துவிடும்.

பூஞ்சணம் பிடித்தால் அல்லது கெட்ட மணம் வந்தால் கொட்டிவிடுங்கள். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள்.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது சின்னப் போத்தலின் விலையை லிட்டருக்கு மாற்றிப் பாருங்கள். பக்கத்தில் பாலின் விலையைப் பாருங்கள். 100 மில்லிக்கு எத்தனை கிராம் சர்க்கரை என்பதையும் பாருங்கள். பிறகு முடிவு உங்களுடையது.

தயிர் முழுவதையும் சாப்பிட்டு முடித்துவிடாதீர்கள். நாளைய உறைக்கு இரண்டு கரண்டி எடுத்து வையுங்கள்.