மடகொம்பரையிலிருந்து இருவர்: சி.வி.யும் திலகரும்

இலங்கை மலையகத்தில் தலவாக்கலையைத் தாண்டினால் அடுத்த ரயில் நிலையம் வட்டகொடை. அங்கிருந்து பூண்டுலோயாப் பக்கம் போகும் வழியில் மடகொம்பரைத் தோட்டம் இருக்கிறது. இந்த ஒரே தோட்டத்திலிருந்து இரண்டு கவிஞர்கள் நாடாளுமன்றம் போயிருக்கிறார்கள். 1947இல் சி.வி. வேலுப்பிள்ளை, 2015இல் மல்லியப்புசந்தி திலகர் என்ற மயில்வாகனம் திலகராஜ். இருவருமே தொழிலாளர் தேசிய சங்கத்தோடு இணைந்து இயங்கியவர்கள். சி.வி. வழியில் வந்தவர் திலகர் என்று மேடைகளில் எளிதாகச் சொல்லிவிடலாம். எனக்கு அது அவ்வளவு நேராகப் படவில்லை.

1914இல் பிறந்த சி.வி., பெரியகங்காணிக் குடும்பத்துப் பிள்ளை. லயத்துப் பிள்ளைகளுக்கு அன்று எட்டாத படிப்பு அவருக்கு எட்டியது: ஹட்டன் மெதடிஸ்த கல்லூரி, பிறகு கொழும்பு நாலந்தா. ஆங்கிலம் கைவந்தது. 1950களில் அவர் எழுதிய 'இன் சிலோன்ஸ் டீ கார்டன்' நெடுங்கவிதையில் விடியலில் தப்பு ஒலிக்கிறது, கொழுந்துக்காரிகள் மலையேறுகிறார்கள், தேயிலைத் தூருக்கடியில் புதைந்துபோனவர்கள் நினைவுகூரப்படுகிறார்கள். ஆனால் அந்தக் கொழுந்துக்காரிகளில் ஒருத்தியாலும் அதை வாசித்திருக்க முடியாது. அது துரைமாரும் கொழும்புக் கனவான்களும் வாசிக்க எழுதப்பட்டது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எந்த மக்களுக்காக அவர் பேசினாரோ அவர்களின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது. 1952 தேர்தல் வந்தபோது, முன்பு அவருக்கு வாக்களித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வாக்காளர் பட்டியலிலேயே இல்லை. முறையிட வேண்டிய இடம் வெளியே இருந்ததால் மொழியும் வெளியாருடையதாக இருந்தது. சக்தீ பால அய்யாவின் தமிழாக்கம் 'தேயிலைத் தோட்டத்திலே' 1969இல்தான் வந்தது.

சி.வி.யின் நூல்கள் எங்கே அச்சாயின என்று பார்த்தால் மலையகத்தின் அன்றைய நிலை விளங்கும். 'போர்ன் டு லேபர்' 1970இல் கொழும்பு குணசேன வெளியீடு. தோட்டம் தோட்டமாகத் திரட்டிய 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983இல் சென்னைக் கலைஞன் பதிப்பகம் வழியாக வந்தது. நாளிதழில் தொடராக வந்த 'வீடற்றவன்' நாவல் நூலாக 1981 வரை காத்திருந்தது. அதைப் போட்டது மு. நித்தியானந்தனின் வைகறை. தெளிவத்தை ஜோசப்பின் 'நாமிருக்கும் நாடே', என்.எஸ்.எம். ராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' ஆகியவற்றையும் அதே வைகறைதான் கொண்டுவந்தது. மலையக இலக்கிய வரலாற்றில் இன்று தவிர்க்கவே முடியாத மூன்று நூல்கள், ஒரு தனிமனிதரின் முயற்சி! பின்னால் துரை விசுவநாதனின் துரைவி பதிப்பகம் 1990களில் அந்த வேலையை எடுத்துக்கொண்டது. இப்படி ஒரு மனிதர் ஓய்ந்தால் இன்னொருவர் வரும்வரை எழுத்துப் பிரதிகள் பெட்டிக்குள் கிடக்கும்.

திலகரை நான் வைத்துப் பார்ப்பது இந்தப் பதிப்பாளர் வரிசையில், சி.வி.யின் வரிசையில் அல்ல. அவருடைய கவிதைத் தொகுதி 'மல்லியப்புசந்தி', ஹட்டன் நகரத்துச் சந்தி ஒன்றின் பெயர் கொண்டது. அந்தப் பெயரையே தன் பெயருக்கு முன்னாலும் போட்டுக்கொண்டார். தமிழில், தன் ஆட்களிடம், சத்தமாகப் பேசும் கவிதைகள். கவியரங்கில் கைதட்டல் வாங்கும். தனியே உட்கார்ந்து வாசித்தால் சில வரிகள் தேய்கின்றன. சி.வி.யின் நெடுங்கவிதையோடு இவற்றை நிறுத்துப் பார்ப்பது நியாயமில்லை, பார்த்தாலும் தட்டு எந்தப் பக்கம் தாழும் என்பது தெரிந்ததே. திலகரின் பெரிய காரியம் பாக்யா பதிப்பகம்.

மலையகத்தில் பதிப்பகம் நடத்துவது என்ன வேலை என்பதை வெளியூர் வாசகர்கள் அறிய மாட்டார்கள். சில நூறு பிரதிகள் அடித்தாலே பெரிது. ஹட்டனிலோ தலவாக்கலையிலோ தமிழ் இலக்கிய நூலுக்கென்று கடை தேடினால் ஏமாற்றம்தான். வெளியீட்டு விழாதான் விற்பனை: முதற்பிரதி, சிறப்புப் பிரதி, கையில் கவர். அன்று விற்காதது பெரும்பாலும் பதிப்பாளர் வீட்டு அலுமாரிக்குப் போகும். நாட்கூலிக்குப் பிள்ளை வளர்க்கும் வீட்டில் புத்தகம் கடைசிச் செலவு. இத்தனைக்கும் நடுவே, மலையக எழுத்து மலையகத்தவர் கையாலேயே நூலாக வேண்டும் என்பதற்காகத் திலகர் நிற்கிறார். சி.வி.க்குக் கிடைக்காத வசதி இது. சி.வி.யிடம் கவிதை இருந்தது, அச்சு இல்லை.

விமர்சகர் திலகர்தான் எனக்குச் சிக்கல். 'மலைகளைப் பேசவிடுங்கள்' கட்டுரைகளில் அவருக்கு விஷயம் தெரிகிறது, ஆட்களைத் தெரிகிறது. ஆனால் கவிஞர், பதிப்பாளர், விமர்சகர், அரசியல்வாதி என நான்கு நாற்காலியிலும் ஒருவரே உட்கார்ந்தால், 'இந்த நூல் தேறவில்லை' என்று எழுதும் சுதந்திரம் எவ்வளவு மிஞ்சும்? சிறிய வட்டம், நாளை அதே எழுத்தாளர் மேடையில் பக்கத்து இருக்கையில் இருப்பார். சி.வி.க்கு இந்த விஷயத்தில் அதிர்ஷ்டம் இருந்தது. 1984இல் அவர் மறைந்த இரண்டே ஆண்டுகளில் சாரல்நாடன் 'சி.வி. சில சிந்தனைகள்' எழுதினார். அவரை அளக்க வேறொருவர் இருந்தார். திலகரின் கவிதைகளை அப்படி உட்கார்ந்து அளப்பவர் பாக்யாவுக்கு வெளியிலிருந்து வரவேண்டும். அந்த நூலைப் பாக்யாவே வெளியிட்டால் இன்னும் நல்லது.