இல்லாத விமானத்துக்கு ஒரு பிளாஸ்டிக் மாடல்

இல்லாத ஒரு விமானத்துக்கு ஸ்கேல் மாடல் செய்ய முடியுமா? முடியும். 1986-ல் அமெரிக்காவில் செய்தார்கள். அது லட்சக்கணக்கில் விற்றது, அந்நாட்டு நாடாளுமன்றக் குழு வரைக்கும் போனது. பெட்டியின் மேல் இருந்த பெயர் 'எஃப்-19 ஸ்டெல்த் ஃபைட்டர்'. தயாரித்தது டெஸ்டர்ஸ், மாடல் செய்கிறவர்களுக்குப் பெயிண்ட்டும் பசையும் விற்றுப் பெயர் வாங்கிய கம்பெனி. வடிவமைத்தவர் ஜான் ஆண்ட்ரூஸ். அளவு 1/48, அதாவது நிஜத்தில் 48 சென்டிமீட்டர் இருப்பது மாடலில் 1 சென்டிமீட்டர்.

முதலில் அந்த 19 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அமெரிக்கப் போர் விமானங்களுக்கு வரிசை எண் உண்டு: எஃப்-14, எஃப்-15, எஃப்-16 என்று போகும். எஃப்/ஏ-18 வந்தது. அடுத்து 1980களின் தொடக்கத்தில் நார்த்ராப் கம்பெனியின் விமானத்துக்கு எஃப்-20 என்று பெயர் வைத்தார்கள். நடுவில் 19 எங்கே போச்சு? ரேடாருக்குத் தெரியாத விமானத் தொழில்நுட்பம் ஒன்று கையில் இருக்கிறது என்று 1980 ஆகஸ்டிலேயே பாதுகாப்பு அமைச்சர் ஹரால்ட் பிரவுன் அறிவித்திருந்தார். இரண்டையும் கூட்டிப் பார்த்தவர்கள், காணாமல் போன 19 தான் அந்த ரகசிய விமானம் என்று முடிவு கட்டினார்கள். நியாயமான ஊகம்தான். ஆனால் தப்பு. நிஜ விமானத்தின் பெயர் எஃப்-117. அது 1981 ஜூன் 18-லேயே பறந்துவிட்டது. 1983-ல் பணிக்கும் வந்துவிட்டது. ஆனால் அப்படி ஒன்று இருப்பதாக அரசு வாய் திறக்கவில்லை.

நெவாடா பாலைவனத்தில் டோனோபா என்ற இடத்தில் அவற்றை வைத்திருந்தார்கள். பகலில் ஹேங்கர் கதவு மூடியே இருக்கும், ராத்திரியில் மட்டும் பறக்கும். விமானிகள் திங்கட்கிழமை கிளம்பிப் போய் வெள்ளிக்கிழமை வீடு திரும்புவார்கள். என்ன வேலை என்று மனைவியிடம்கூடச் சொல்லக் கூடாது.

இந்தச் சூழ்நிலையில்தான் டெஸ்டர்ஸ் பெட்டி கடைக்கு வந்தது. நேரமும் சரியாக அமைந்தது. அதே 1986-ல் லாக்ஹீட் கம்பெனியில் ரகசிய ஆவணங்கள் சில கணக்கில் வரவில்லை என்று பிரதிநிதிகள் சபையின் துணைக்குழு ஒன்று விசாரித்துக்கொண்டிருந்தது. தலைவர் ஜான் டிங்கெல். லாக்ஹீடின் சார்பில் வந்து நின்றவர் அதன் தலைவர் லாரன்ஸ் கிச்சன். அந்த விசாரணையில் பிளாஸ்டிக் எஃப்-19 மேசைக்கு வந்தது. மக்கள் பிரதிநிதியான எனக்குக் காட்ட மறுக்கிற விஷயம் பொம்மைப் பெட்டியில் கிடைக்கிறதே, இது என்ன விசித்திரம் என்கிற ரீதியில் ரான் வைடன் கேட்டார்.

கிச்சனின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். "இந்த மாடல் தப்பு" என்று சொன்னால், சரியான ஒன்று இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். "சரி" என்றால் அது பொய், தவிர ரகசியம் கசிந்ததாகிவிடும். ரகசியம் காப்பவர்களுக்கு இப்படி ஒரு தொல்லை உண்டு: தவறான ஊகத்தை மறுக்கக்கூட முடியாது.

இது முதல் தடவையும் இல்லை. 1961-ல் ரெவெல் கம்பெனி 'ஜார்ஜ் வாஷிங்டன்' அணு நீர்மூழ்கியின் மாடலை உள் அறைகளோடு விற்றது. விலை 2.98 டாலர். கோடிக்கணக்கான டாலர் மதிப்புள்ள தகவலை ரஷ்யர்கள் மூன்று டாலருக்கு வாங்கிவிடலாம் என்று அட்மிரல் ரிக்கோவர் கொதித்தார். இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ரெவெலின் மாடல் நிஜமாக இருந்த கப்பலைப் பார்த்துச் செய்தது. டெஸ்டர்ஸின் மாடலோ, தெரிந்த சில துணுக்குகளை வைத்துக் கட்டிய ஒரு கருதுகோள். வரலாற்று ஆய்வில் நாம் செய்வதும் ஏறக்குறைய அதுதானே?

சரி, கருதுகோள் எவ்வளவு தேறியது? அந்த கிட்டின் பழைய பெட்டி ஒன்றைத் தேடி வாங்கிக் கட்டியபோது எனக்கு முதலில் தட்டுப்பட்டது அதன் வழவழப்பு. மேல் பாதி, கீழ் பாதி என்று இரண்டு பெரிய துண்டுகள். ஸ்ப்ரூவிலிருந்து வெட்டி, ஓரத்தை உப்புத்தாள் போட்டு ஒட்டினால் கூழாங்கல் மாதிரி ஓர் உடம்பு வருகிறது. இந்தப் பசை பாலிஸ்டைரீனைக் கொஞ்சம் கரைத்து இரண்டு துண்டுகளையும் ஒன்றாக்கிவிடும். ஆனாலும் இணைப்புக் கோடு தெரியும். வளைந்த பரப்பில் அந்தக் கோட்டை மறைப்பதுதான் பெரிய வேலை. புட்டி வைத்து, காயவிட்டு, தேய்த்து, மறுபடி புட்டி. அந்த விமானத்தில் நேர்க்கோடே கிடையாதா என்று தோன்றிவிடும்.

நிஜ எஃப்-117-ல் இருப்பது முழுக்க நேர்க்கோடுதான். பட்டை தீட்டிய வைரம் மாதிரி தட்டையான முகங்கள். காரணம் சுவாரசியமானது. கூர் விளிம்புகளில் மின்காந்த அலை எப்படிச் சிதறும் என்று சோவியத் இயற்பியலாளர் பியோத்ர் உஃபிம்ட்சேவ் 1962-ல் ஒரு நூல் வெளியிட்டார். அமெரிக்க விமானப்படை அதை 1971-ல் மொழிபெயர்த்தது. லாக்ஹீடின் 'ஸ்கங்க் ஒர்க்ஸ்' பிரிவில் இருந்த டெனிஸ் ஓவர்ஹோல்சர் அதைப் படித்து, ரேடார் எதிரொலியைக் கணக்கிட ஒரு கம்ப்யூட்டர் நிரல் எழுதவைத்தார். அன்றைய கம்ப்யூட்டரால் வளைவுகளைக் கணக்கிட முடியவில்லை, தட்டையான முகங்களைத்தான் முடிந்தது. அதனால் விமானமே தட்டை முகங்களால் ஆனது. 1977 டிசம்பர் 1 அன்று அதன் சோதனை வடிவமான 'ஹேவ் ப்ளூ' பறந்தது.

ஆக, வெளியில் இருந்தவர்கள் "முனை மழுங்கியிருந்தால் ரேடார் வழுக்கிப் போகும்" என்று யோசித்தார்கள். அதுவும் ஒரு வழிதான், பிற்பாடு வந்த பி-2 அப்படித்தான் வளைவாக இருக்கிறது. ஆனால் 1970களின் கம்ப்யூட்டருக்கு எது முடியும், எது முடியாது என்ற எளிய தடை வெளியாருக்குத் தெரியாது. கருதுகோள் சறுக்கிய இடம் அது. மற்றதில் மோசமில்லை: என்ஜின்கள் உடலுக்குள் புதைந்திருக்கின்றன, குண்டுகள் வயிற்றுக்குள் இருக்கின்றன, நிறம் கறுப்பு. வால் இறக்கைகள் உள்பக்கம் சாய்ந்திருக்கின்றன. எஃப்-117-ல் அவை வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும், ஆனால் ஹேவ் ப்ளூவில் உள்பக்கம்தான் சாய்ந்திருந்தன!

பெயிண்ட் விஷயம் ஒன்று. சின்ன மாடலுக்குச் சுத்தக் கறுப்பு அடித்தால் உயிரில்லாமல் இருக்கும். தூரத்தில் தெரிகிற எதுவும் கொஞ்சம் வெளுத்துத்தான் தெரியும் என்பதால் அடர்சாம்பல் கலந்து, மெல்லிசாக நாலைந்து பூச்சு அடிக்க வேண்டும். பிறகு பளபளப்பு வார்னிஷ், தண்ணீரில் ஊறவைத்த டீகல், கடைசியில் பளபளப்பைக் கொல்லும் மேட் பூச்சு. வழக்கமாக மாடல்காரர்கள் இந்தக் கட்டத்தில் நிஜப் படத்தை வைத்து ஒப்பிட்டுச் சண்டை போடுவார்கள். எஃப்-19-க்கு ஒப்பிடப் படமே கிடையாது. நீ அடித்த நிறம் தப்பு என்று யாரும் சொல்ல முடியாது.

இவ்வளவும் விளையாட்டாகத் தோன்றலாம். 1986 ஜூலை 11 நள்ளிரவுக்குப் பின் கலிபோர்னியாவில் பேக்கர்ஸ்ஃபீல்டு அருகே ஒரு விமானம் மலையில் மோதியது. காட்டில் தீப்பிடித்தது. ஆயுதக் காவலர்கள் அந்த இடத்தைச் சுற்றி வளைத்தார்கள், மேலே யாரும் பறக்கக் கூடாது என்றார்கள். இறந்த விமானி மேஜர் ராஸ் மல்ஹேர் என்று சொன்ன விமானப்படை, அவர் ஓட்டியது என்ன விமானம் என்று சொல்லவில்லை. அது எஃப்-117. செத்தது நிஜம், ஓட்டிய விமானம் மட்டும் 'இல்லை'. கடையில் கிடைத்த விமானமோ உண்மையில் இல்லை, ஆனால் எல்லோர் கையிலும் இருந்தது. பத்திரிகைகள் அந்த மலைச்சரிவைப் பற்றி எழுதும்போது 'எஃப்-19' என்றே எழுதின. வேறு பெயர் அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை.

1988 நவம்பர் 10 அன்று பென்டகன் ஒரு மங்கலான படத்தை வெளியிட்டது. அதிலும் ஒரு குசும்பு: எடுத்த கோணத்தில் விமானத்தின் நீள அகலம் சரியாகப் பிடிபடாது. அதைப் பார்த்து அவசரமாக வந்த எஃப்-117 கிட்களிலும் அளவுகள் தப்பு. 1990 ஏப்ரலில் நெல்லிஸ் தளத்தில் பொதுமக்களுக்குக் காட்டிய பிறகுதான் விவரம் தெளிவானது. 'பார்த்து' செய்த மாடலும் ஏமாந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆதாரத்தைக் கொடுப்பவர் யார், எந்தக் கோணத்தில் கொடுக்கிறார் என்பதும் ஆதாரத்தின் பகுதி.

எஃப்-117 விமானங்கள் 2008-ல் முறைப்படி ஓய்வு பெற்றன. எஃப்-19 பொய் என்று தெரிந்த பிறகும் விற்பனை நிற்கவில்லை, இத்தாலியின் இடலேரி பெட்டியிலும் வந்தது. அலமாரியில் என் எஃப்-19 பக்கத்தில் ஒரு எஃப்-117-ஐ வைத்திருக்கிறேன். பார்க்கிறவர்களில் பாதிப் பேர் எஃப்-19-ஐக் காட்டி "இதுதானே நிஜம்?" என்கிறார்கள். கோணல்மாணலாக இருப்பது எப்படிப் பறக்கும் என்பது அவர்கள் கேள்வி. கம்ப்யூட்டர் நொடிக்கு நொடி பிடித்து நிறுத்தாவிட்டால் பறக்காது என்பதுதான் பதில்.