லினக்ஸ் பேக்கேஜ் ரோல்பேக்

லினக்ஸ் கணினியில் புதுப்பித்த மென்பொருளை முந்தைய பதிப்புக்கே திருப்புவது ரோல்பேக் எனப்படும். நிறுவ ஒரு கட்டளை போதும் என்பதால் பழையதற்குத் திரும்பவும் ஒரு கட்டளை இருக்கும் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலான லினக்ஸ் வழங்கல்களில் அப்படி நம்பகமான கட்டளை நெடுங்காலம் இருந்ததில்லை.

மென்பொருளைப் பேக்கேஜ் என்னும் கட்டுகளாக நிறுவும் டிபிகேஜி கருவி, இயன் மர்டாக் 1993இல் தொடங்கிய டெபியன் வழங்கலுக்காக உருவானது. ரெட் ஹாட் வழங்கலில் அதே வேலைக்கான ஆர்பிஎம் 1995இல் வந்தது. இரண்டும் முன்னோக்கிப் போவதை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை. டெபியன் பேக்கேஜுக்குள் கோப்புகளோடு, நிறுவும் முன்னும் பின்னும், நீக்கும் முன்னும் பின்னும் ரூட் அதிகாரத்தில் ஓடும் ஸ்கிரிப்ட்களும் இருக்கலாம். பயனர் கணக்கு உருவாக்குவது, அமைப்புக் கோப்புகளைத் திருத்துவது, தரவின் வடிவத்தை மாற்றுவது எல்லாம் அவற்றின் வேலை. பழைய பதிப்பின் ஸ்கிரிப்ட் எழுதப்பட்டபோது புதிய பதிப்பு பிறந்திருக்கவே இல்லை. புதியது செய்துவைத்ததைப் பழையது எப்படி அவிழ்க்கும்? பதிப்பை இறக்குவதை டெபியன் இன்றும் அதிகாரபூர்வமாக ஆதரிப்பதில்லை.

அடுத்த சிக்கல் பதிப்பெண். எந்த எண் பெரியதோ அதையே கருவிகள் புதியதாக எடுத்துக்கொள்ளும். 2024 மார்ச் 29 அன்று, எக்ஸ்இசட் சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு ஒளிந்திருப்பதை ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் வெளிப்படுத்தினார். பழைய பதிப்பை எல்லாக் கணினிகளுக்கும் உடனே அனுப்ப வேண்டும். ஆனால் சிறிய எண்ணோடு அனுப்பினால் வழக்கமான புதுப்பிப்பில் அது ஏறாது. டெபியன் அதற்கு ‘5.6.1+ரியலி5.4.5-1’ என்று பெயரிட்டு அனுப்பியது. உள்ளே இருந்தது 5.4.5, வெளியே மட்டும் 5.6.1ஐ விடப் பெரிய எண். பின்னால் போவதைக்கூட முன்னேற்றமாக வேடம் கட்டித்தான் செய்ய முடிந்தது.

ஆர்பிஎம் ஒரு காலத்தில் நேரடியாகவே முயன்றது. புதுப்பிக்கும் முன், வட்டில் இருக்கும் பழைய கோப்புகளை மறுபடி ஒரு பேக்கேஜாகக் கட்டிவைத்து, தேவைப்பட்டால் அதிலிருந்து திரும்பும் வசதி 2000களின் தொடக்கத்தில் சேர்ந்தது. ஸ்கிரிப்ட்களின் விளைவுகளுக்கு அதனிடமும் மருந்து இல்லை. 2009இல் வந்த 4.6 பதிப்பில் அந்த வசதியையே நீக்கிவிட்டார்கள். பிறகு ஆர்பிஎம் மேல் இயங்கும் யம், டிஎன்எஃப் கருவிகளில் வந்த ‘ஹிஸ்டரி அன்டூ’ கட்டளை, பழைய பேக்கேஜ் எங்காவது கிடைத்தால்தான் வேலை செய்யும். அவற்றைப் பயன்படுத்தும் ஃபெடோரா வழங்கலின் புதுப்பிப்புக் களஞ்சியமோ பொதுவாகக் கடைசிப் பதிப்பை மட்டுமே வைத்திருக்கும். ஆர்ச் லினக்ஸ் பயனர்களுக்கு அதன் பேக்கேஜ் கருவியான பேக்மேனின் தற்காலிகச் சேமிப்பு கைகொடுக்கும், இடம் போதவில்லையென்று அதைத் துடைக்காதவரை.

இயங்குதளத்தின் மையமான கெர்னல் மட்டும் விதிவிலக்கு. பல வழங்கல்களில் புதியது பழையதன் மேல் எழுதப்படாமல் பக்கத்திலேயே அமரும்; ஃபெடோரா இயல்பாக மூன்றை வைத்திருக்கும். புதியது பூட் ஆகாவிட்டால் கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் பழையதைத் தேர்ந்தால் போதும். இதே எண்ணத்தை முழு அமைப்புக்கும் விரித்தது, ஈல்கோ டோல்ஸ்ட்ரா நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய நிக்ஸ். ஒவ்வொரு பேக்கேஜும் ஹாஷ் என்னும் தனி அடையாளக் குறி சேர்ந்த தனிப் பாதையில் கிடக்கும். எதுவும் எதன்மேலும் எழுதப்படாது. திரும்புவது என்பது அங்கே ஒரு இணைப்பைப் பழைய தலைமுறைக்கு மாற்றுவதுதான். சிக்கலை வேரிலேயே பிடித்த தீர்வு இதுவே. ஆனால் லினக்ஸின் வழக்கமான கோப்பக அமைப்பை அது கைவிட்டதால், பழகுவது எளிதல்ல.

ஓபன்சூசே வழங்கல் வேறு வழியில் போனது. 2011இல் அதில் சேர்ந்த ஸ்னாப்பர் கருவி, பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையைக் கொண்டு, ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் முன்னும் பின்னும் அமைப்பின் அப்போதைய நிலையை ஸ்னாப்ஷாட்டாக எடுத்துவைக்கும். பயனர் கோப்புகளும் தரவுத்தளங்களும் இதில் வேண்டுமென்றே சேர்க்கப்படுவதில்லை. சேர்த்தால் ரோல்பேக் செய்யும்போது நேற்று எழுதிய கடிதமும் காணாமல் போகும். விளைவாக, நிரல் பின்னால் போகும், அதன் தரவு புதிய வடிவத்திலேயே நிற்கும். உதாரணமாக, 2019இல் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 67 முதல், புதிய பதிப்பு பயன்படுத்திய சுயவிவரத்தைப் பழைய பதிப்பில் திறக்க முயன்றால், உலாவி மறுத்துப் புதிய சுயவிவரம் ஒன்றை உருவாக்கச் சொல்கிறது.